தேசப்பன் குளத்தில் நான் கரைத்த வெல்லம்

தேசப்பன் அண்ணன் குளத்து மீன்கள் எதனால் செத்தன என்று பொதட்டூர்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சாணி அதிகமாகப் போட்டதால் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அண்ணனே தன் வாயால் சொன்னதுதான் அது. ஆனால் அது பொய். அந்த மீன்களைக் கொன்றது நான். ஒன்பது வருஷம் எனக்கே அது தெரியாது. தெரிந்த பிறகு நாலு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வாயை மூடுவது எனக்கு ஒத்துவராத காரியம் என்று என் வீட்டுக்காரர் கோதண்டபாணி சொல்வார். சரிதான், அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து திருத்தணிக்குப் போகிற ரோட்டில் ஒரு மைல் நடந்தால் அந்தக் குளம். அது கோயில் குளமும் இல்லை, ஊர்க் குளமும் இல்லை, பட்டா நிலம். அறுபத்திரண்டில் தேசப்பன் அண்ணனும் அவர் மச்சான் பங்காருவும் ஆளுக்குப் பாதியாக ஒன்றரை ஏக்கர் வாங்கினார்கள். பங்காரு என்பவர் அண்ணன் மனைவி மணியம்மை அக்காவின் தம்பி, நகரியில் தறி வைத்திருந்தவர். ரெண்டு பேரும் அந்த நிலத்தில் செங்கல் அறுக்க வந்தார்கள். மண்ணில் சுக்கான் கல் கலந்திருந்தது. சூளையில் வெந்து வந்த கல்லெல்லாம் நாலு நாளில் பொரி மாதிரி வெடித்தது. ரெண்டு வருஷம் போராடினதில் மிஞ்சியது ஒரு பெரிய பள்ளம். பங்காரு தலையில் அடித்துக்கொண்டு நகரிக்கே திரும்பிப் போனார். அந்த ஐப்பசி மழையில் பள்ளம் நிறைந்தது. அண்ணன் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அதற்கப்புறம் அவர் செங்கல்லைப் பற்றிப் பேசவே இல்லை என்று அக்கா சொல்வார்.

பள்ளம் வாங்கினவன் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. நந்தியாற்று மணலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கிழக்குப் பக்கத்தில் கொட்டினார். பனைமரத்தை வெட்டிப் படி போட்டார். அது குளிக்கிற பக்கம், இடுப்பளவில் ஆரம்பித்துக் கழுத்தளவில் முடியும். ரோட்டை ஒட்டிய மேற்குப் பக்கம் ரெண்டு ஆள் ஆழம், அது மீனுக்கு. நடுவே தேங்காய் மட்டைகள் கட்டின ஒரு கயிறு மிதக்கும். கயிற்றைத் தாண்டினவன் அன்றைக்கு மறுபடி தண்ணீரில் இறங்க முடியாது, அவன் தாசில்தார் மகனாக இருந்தாலும் சரி.

சோப்பு விஷயத்தில் மனுஷன் போலீஸ்காரர் மாதிரி. கரையில் நின்று கையை நீட்டுவார். கொண்டுவந்த சோப்பை அந்தக் கையில் வைக்க வேண்டும், போகும்போது திரும்பத் தருவார். தினம் காலையில் தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்ப்பார். முழங்கை முங்கும்வரை உள்ளங்கை தெரிந்தால் தண்ணீர் ரொம்பத் தெளிந்துவிட்டது, மீனுக்குச் சாப்பாடு இல்லை, ஒரு கூடை சாணி கரைப்பார். மணிக்கட்டிலேயே கை மறைந்தால் கெட்டியாகிவிட்டது, சுண்ணாம்பு தெளிப்பார். எப்போது எவ்வளவு என்று அவரிடம் கேட்டால், "தண்ணி சொல்லும்" என்பார். வேறு விளக்கம் கிடைக்காது. எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்கு உயிர் விரால் மீன்தான். கட்லா, ரோகு எல்லாம் வளர்த்தார், சந்தைக்கு அனுப்பினார். ஜிலேபிக் கெண்டை யாரும் விடாமலே வந்து, பெருகி, வளையல் அளவுக்கு மேல் வளராமல் குளத்தை அடைத்தது. அதை யார் வேண்டுமானாலும் தூண்டில் போட்டுப் பிடித்துக்கொண்டு போகலாம். விராலை மட்டும் முழங்கை நீளம் வருவதற்கு முன் எவனாவது பிடித்தால் தொலைந்தான். விரால்தான் பொடி ஜிலேபியைத் தின்று குளத்தைச் சமன் பண்ணுகிறது என்பார். குஞ்சு பொரித்த விரால் ரெண்டும் சிவப்புப் பொட்டாக மிதக்கிற குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் இருக்கும். அந்த ஒரு மாதம் மேற்குக் கரையில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. அக்கா ஒருநாள் அங்கே பாத்திரம் விளக்கியதற்கு அண்ணன் மூன்று நாள் பேசவில்லையாம். "என் கல்யாணத்துல கூட இந்த ஆளு எம்மேல இவ்ளோ கண்ணு வெச்சதில்ல" என்று அக்கா சிரிப்பார்.

நான் அந்தக் குளத்துக்கு வந்தது எழுபத்தொன்றில். எங்கள் வீட்டில் ரெண்டு குழித்தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், ஒன்றில் நான். குழியில் காலை விட்டு மிதிக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து நாள் பூரா குனிந்தே இருக்க வேண்டும். ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் முதுகு விட்டுப்போனது. காலையில் எழுந்து நேராக நிற்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். லுங்கி ஒரு பாவு முடிக்க மற்றவர்களைவிட ரெண்டு நாள் கூட ஆனது. திருத்தணி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, மாத்திரையைவிட நீச்சல் நல்லது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கைக்கோளத் தெருவில் பிறந்தவளுக்கு நீச்சலா? எங்கள் தெருவில் குடத்துத் தண்ணீருக்கே சண்டை.

என் வீட்டுக்காரர்தான் தேசப்பன் அண்ணனிடம் போய்க் கேட்டார். அண்ணன் உள்ளே போய் மணியம்மை அக்காவிடம் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து மத்தியானம் ரெண்டிலிருந்து நாலுவரை பொம்பளைகள் நேரம். ஒரு சிவப்புத் துண்டை வேப்பமரத்தில் கட்டிவிட்டு அண்ணன் ரோட்டுக்குப் போய்விடுவார். எந்த ஆம்பளையும் உள்ளே வர முடியாது. அக்கா என் இடுப்பில் ரெண்டு காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, புடவையைத் தார்பாய்ச்சி, தண்ணீரில் தள்ளிவிட்டார். முதல் நாள் நான் கத்தின கத்தலில் ரோட்டிலிருந்த அண்ணன் ஓடி வந்துவிட்டு, துண்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பி ஓடினார்.

ஒரு மாதத்தில் குடுக்கை இல்லாமல் மிதந்தேன். ஆறு மாதத்தில் கயிறுவரை போய்த் திரும்பினேன். வாரத்தில் நாலு நாள் வருவேன். ஒருநாள் காலையில் எழுந்து தண்ணீர் தூக்கி, வாசல் தெளித்து, அடுப்பு மூட்டின பிறகுதான் முதுகு வலிக்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வர ஆரம்பித்தார்கள். முட்டி வலிக்காரி, தோள்பட்டை வலிக்காரி, வலியே இல்லாமல் மாமியாரிடமிருந்து ரெண்டு மணிநேரம் தப்பிக்க வந்தவள், எல்லாரும். அண்ணன் ஒருவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. உடம்பில் கட்டியோ மருவோ வந்தால் திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைப்பதாக வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும். நானும் முதுகுக்காக எங்கள் முருகனிடம் வெல்லம் கரைப்பதாக வேண்டியிருந்தேன். நல்லபடியானதும் யோசித்தேன். குணமாக்கினது இந்தக் குளம், வெல்லத்தை மட்டும் திருவள்ளூரில் கொண்டுபோய்க் கரைத்தால் அது நியாயமா? எந்தத் தண்ணீர் வலியை வாங்கிக்கொண்டதோ அந்தத் தண்ணீருக்குத்தானே செய்ய வேண்டும்? எழுபத்துநாலு ஆடி முதல் வெள்ளிக்கிழமை மூணு அச்சு வெல்லத்தை மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டுபோய், கிழக்குப் படியில் நின்று மனதாரக் கரைத்தேன். அவ்வளவு நிறைவாக இருந்தது. என்னைப் பார்த்து எங்கள் தெரு மொத்தமும் கரைத்தது.

அந்த வருஷம் அண்ணனுக்கு ஒரு சோதனை இருந்தது, எங்களுக்கும் அது தெரியும். பங்காருவின் மகன்கள் வளர்ந்து பவர்லூம் போட இடம் தேடினார்கள். ரோட்டை ஒட்டிய ஆழமான பாதி பத்திரப்படி பங்காருவுடையது. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுகிறவர், நேரில் வந்து முறையாகப் பேசினார்.

"பாவா, பத்து வருஷமா என் பாதியையும் சேத்து நீதான் பாத்துகினு வர்ற, நான் ஒரு வார்த்தை கேக்கல. இப்ப பசங்க கேக்குறானுங்க. ஆடிக் கிருத்திகை முடிஞ்சு வலை போடு. மீனு நல்லா வந்துச்சுன்னா இது குளமாவே இருக்கட்டும், நான் வேற எடம் பாத்துக்கிறேன். வரலன்னா என் பாதியை மூடி ஷெட்டு போட்டுடுவேன். சரியா?"

"சரி" என்றார் அண்ணன். அந்த ஆடி பிறந்ததிலிருந்து கிருத்திகைவரை அவர் ராப்பகலாக மேற்குக் கரையிலேயே கிடந்தார். கட்லா ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் என்று அக்கா சொன்னார். வலை போட்டால் பங்காரு வாயடைத்துப் போவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கிருத்திகைக்கு அண்ணன் வழக்கம்போல் காவடி எடுத்துத் திருத்தணி மலைக்குப் போனார். மூணு நாள் மேலேயே இருப்பார், அது அவர் வேண்டுதல். அந்த மூணு நாளும் எங்கள் ரோடு முழுக்கப் புஷ்பக் காவடிகள். நடந்து வருகிறவர்கள் குளத்தில் முழுகிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் முழுகினவர்கள் படியில் ஒட்டியிருந்த வெல்லத்தைப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பெண்ணொருத்தியிடம் கேட்டார்கள். அவள் என் முதுகைப் பற்றிச் சொன்னாள், கொஞ்சம் கூட்டியே சொன்னாள். கூனி நிமிர்ந்தாள் என்கிற அளவுக்குப் போய்விட்டது கதை. மத்தியானத்துக்குள் ஒருவன் தள்ளுவண்டியில் வெல்ல மூட்டையோடு வந்து கரையில் கடை போட்டான். மூணு நாளில் எத்தனை மூட்டை கரைந்ததோ. குளத்தில் அப்போது தண்ணீர் மட்டம் ரொம்பக் கீழே. வானம் மூடிக்கொண்டு காற்றே இல்லாமல் புழுங்கியது. மணியம்மை அக்கா சோப்பை வாங்கிவைக்கத் தெரிந்தவர், சாமிக்கு நேர்ந்துகொண்டு வருகிறவனை எப்படித் தடுப்பார்? எனக்கோ பெருமை தாங்கவில்லை. நான் ஆரம்பித்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாலாம் நாள் விடியற்காலை அக்கா எங்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். "மீனெல்லாம் வாயைத் தொறந்துகினு மேல வந்துடுச்சும்மா. அவரு எல்லாரையும் இட்டாரச் சொன்னாரு. நீந்தத் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் வாங்க."

ஓடினோம். அண்ணன் மலையிலிருந்து இறங்கின மஞ்சள் வேட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார். குளம் முழுக்க மீன்வாய்கள், காற்றுக்காகத் திறந்து திறந்து மூடின. தண்ணீரில் புளித்த கள் வாசனை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஆயில் எஞ்சினைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அவ்வளவு பெரிய குளத்துக்கு அது எந்த மூலைக்கு?

"எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினார் அண்ணன். அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "காலை நல்லா ஒதைங்க. தண்ணி மேல எழும்பணும், நொரை தள்ளணும். அப்பதான் காத்து உள்ள போவும். கயித்தை அறுத்துட்டேன், ஆழத்துக்குப் போங்க!"

அன்று துண்டும் இல்லை, ஆம்பளை நேரம் பொம்பளை நேரம் என்பதும் இல்லை. தறிக்காரர்கள், கூலிக்காரர்கள், முட்டி வலிக்காரிகள் எல்லாரும் சேர்ந்து இறங்கினோம். நீந்தத் தெரியாதவர்கள் கரையோரம் நின்று கழியால் தண்ணீரை அடித்தார்கள். நான் முதல் தடவையாக ஆழத்துக்குப் போனேன். காலை உதைத்து உதைத்து நீந்தினேன். செத்த கட்லாக்கள் தோளில் இடித்தன. வெயில் ஏறும்வரை நாலு மணிநேரம் ஒருவர் மாற்றி ஒருவர் விடாமல் கலக்கினோம். எங்களுக்கு நீச்சல் கொடுத்த குளத்துக்கு அந்த நீச்சலையே திருப்பிக் கொடுக்கிறோம் என்று எனக்கு ஒரே ஆவேசம். அதே தண்ணீரில் என் வெல்லம் புளித்துக்கொண்டிருப்பது தெரியாது.

விரால் பிழைத்தது. அது மேலே வந்து நேராகக் காற்றை விழுங்கத் தெரிந்த மீன். ஜிலேபி பாதி பிழைத்தது. கட்லாவும் ரோகுவும் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. வெள்ளை வெள்ளையாகக் கரை முழுக்க ஒதுங்கின. அண்ணன் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை.

வலைநாள் பார்க்க வந்த பங்காரு பத்து மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அப்போது எங்கள் பெண்களுக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தது. சாமி குத்தம் என்றாள் ஒருத்தி. வேண்டுதலை முருகன் ஏத்துக்கல, இத்தனை உயிரை எடுத்துட்டான், இனிமே இந்தத் தண்ணியில் கால் வைக்கக்கூடாது என்றாள் இன்னொருத்தி. நான்தானே ஆரம்பித்தேன்?

"இன்னா ஆச்சு பாவா?" என்று கேட்டார் பங்காரு.

அண்ணன் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மடியிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எம்மேலதான் தப்பு. மீனு கனமா வரணும்னு ஆசைப்பட்டு மலைக்குப் போறதுக்கு முன்னாடி சாணியை அள்ளிக் கொட்டிட்டேன். அளவு தெரியாம பூடுச்சு."

"நீயா பாவா? அளவு தெரியாம?"

"ஆங், நான்தான். சாமியெல்லாம் ஒண்ணும் பண்ணல. குளம் பாத்துக்கத் தெரியாதவன் பண்ண வேலை."

பத்து வருஷமாகத் தண்ணீரில் கைவிட்டு அளவு பார்த்தவர் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னார். எங்கள் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி சிரிக்கக்கூடச் செய்தாள். நானும்தான் மனசுக்குள், இவ்வளவு கண்டிப்புக்காரருக்கும் ஒருநாள் அடி சறுக்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பங்காரு சொன்ன சொல்படி நடந்தார். புரட்டாசிக்குள் லாரி லாரியாக மண் வந்து ஆழமான பாதியை மூடியது. மண் விழுவதற்கு முன் பத்து நாள் அண்ணன் தண்ணீரில் நின்று விராலை ஒவ்வொன்றாகக் கூடையில் பிடித்துக் கிழக்குப் பக்கம் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம் குளிக்கிறவனும் மீனும் ஒரே இடத்தில்தான். படிக்கு எதிர் மூலையை இன்னும் ஆழமாகத் தோண்டி, தாமரைக் கிழங்கு வைத்து, காலையில் மீனுக்கு, மத்தியானம் எங்களுக்கு, சாயங்காலம் ஆம்பளைகளுக்கு என்று முறை வைத்தார். நீந்தும்போது விரால் காலில் உரசிக்கொண்டு போகும். முதலில் அலறினோம், பிறகு பழகிவிட்டது. அடுத்த ஆடிக்கு நாங்கள் வெல்லம் கொண்டுவந்தபோது அண்ணன் வாங்கிப் பானையில் போட்டார். "குளம் எதுக்கும்மா குடிக்கணும்? வெயில்ல நடந்து வர்றவன் குடிக்கட்டும்" என்று சொல்லி, எங்களையே பானகம் கரைத்துக் காவடிக்காரர்களுக்குக் கொடுக்க வைத்தார். எங்களுக்கு அது இன்னும் பெரிய புண்ணியமாகப் பட்டது. இன்றுவரை அது நடக்கிறது.

எண்பத்துமூணு கிருத்திகை முடிந்த மறுநாள் மீன் இலாகாவிலிருந்து ஒருவர் கட்லாக் குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவந்தார். நான் படியில் உட்கார்ந்து பானகப் பானையைக் கழுவப்போனேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"அதை இதுல கழுவாதீங்கம்மா. வெல்லம், சர்க்கரை எல்லாம் கொஞ்சமா இருந்தா பரவால்ல. அதிகமாச்சுன்னா தண்ணி புளிச்சுடும், காத்து செத்துடும், ஒரே ராத்திரில குளத்து மீனு பூரா மேல வந்துடும்."

என் கையிலிருந்த பானை நழுவியது. புளித்த கள் வாசனை என்று எழுதினேனே, அது அந்த நிமிஷம் என் மூக்கில் வந்து நின்றது. ஆபீசர் ஜீப்பில் ஏறிப் போகிறவரை காத்திருந்தேன். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று குஞ்சுப் பைகளைத் திறக்காமல் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார். பைத்தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டுமாம்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க சாணி போட்டீங்களா?"

அவர் ஒரு பையைத் தொட்டுச் சூடு பார்த்தார்.

"போடலதானே? வெல்லம்னு உங்களுக்குத் தெரியும். மலையிலேர்ந்து வந்ததுமே தெரிஞ்சிருக்கும். பங்காரு அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காவடிக் கூட்டம் பண்ண வேலைன்னு அவரும் உட்டுருப்பாரே. பாதிக் குளம் போயிருக்காதே. ஏண்ணா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மறுபடி தண்ணில எறங்கியிருப்பியா?"

இறங்கியிருக்க மாட்டேன். நான் மட்டுமில்லை, எங்கள் தெருவில் ஒருத்தியும் இறங்கியிருக்க மாட்டாள். எங்கள் வேண்டுதல் அத்தனை உயிரைக் கொன்றது என்று தெரிந்திருந்தால், அந்த ரோட்டுப் பக்கமே போயிருக்க மாட்டோம். ஒரு வருஷத்தில் நான் தறியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருப்பேன்.

"ஆனா உங்க கட்லா எல்லாம்... உங்க பாதிக் குளம்..."

"மீன் குஞ்சு வாங்கி உட்டுக்கலாம்மா" என்றார் அவர், கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே. "முதுகு வாங்கி உட முடியுமா? இந்தா, இந்தப் பக்கம் புடி, காத்துல அடிச்சுகினு போவுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.